பஸ்ஸில் தூசணம் பேசினால் தண்டம்: சரியா, பிழையா?

வாசுகி_டிக்கோயா:

பஸ்ஸிலும் ரயிலிலும் தூசணம், அதாவது ஆபாசமான கெட்ட வார்த்தை, பேசுகிறவர்களிடம் தண்டம் அறவிட வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. யாரிடம் அறவிடுவது, யார் அறவிடுவது, எவ்வளவு என்பதைப் பேசித் தீர்க்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் – மஸ்கெலியா ரூட்டில் போய்வரும் ஆசிரியை. ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டபிறகு வருகிற பஸ்ஸில் நடப்பதைச் சொல்கிறேன். முன்னால் போன பஸ் நோர்வூட்டில் இழுத்து நின்று ஆளை அள்ளிவிட்டால் போதும், எங்கள் பஸ் கண்டக்டருக்குத் தலைக்கேறிவிடும். புட்போட்டில் நின்றபடியே அந்த டிரைவரின் தாயில் தொடங்கி வீட்டுப் பெண்கள் ஒருவரையும் விடமாட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தரம் ஆறு, ஏழு பிள்ளைகளின் காதுக்கு நேரே அவருடைய வாய். பெண்பிள்ளைகள் குனிந்துகொள்வார்கள். பையன்களில் சிலர் சிரிப்பார்கள். மறுநாள் இடைவேளைக்கு அதே சொற்கள், அதே இழுப்போடு, மைதானத்தில் கேட்கும்.

இன்னொன்று. நல்ல மழை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் ஈரப் படங்கோடு ஏறிய ஓர் அம்மா, முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாய்த் தாளைக் கண்டக்டரிடம் கொடுத்தார். மிச்சக்காசு வரவில்லை. இறங்க வேண்டிய ஹோல்டுக்கு இரண்டு வளைவு இருக்கும்போது "தம்பி, மிச்சம்" என்று கேட்டார். பதிலுக்கு ஒரு சொல் வந்தது. அதை இங்கே எழுத எனக்குக் கை வராது. அவனைவிட மூத்த மகன் இருக்கக்கூடிய வயது அந்த அம்மாவுக்கு. அவர் மறுபடி கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களும் வாய் திறக்கவில்லை. நான் கேட்டேன். மிச்சத்தை அந்த அம்மாவின் மடியில் வீசினான். கூடவே எனக்கும் ஒன்று கிடைத்தது.

ஒருகாலத்தில் பஸ்ஸுக்குள்ளே சுருட்டும் பீடியும் புகைந்துகொண்டே வரும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலைக்கும் மதுவுக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இன்று பஸ்ஸில் எவராவது பற்றவைத்தால் பத்துப் பேர் சத்தம் போடுவார்கள். புகையை நிறுத்த முடிந்த எங்களால் இதை நிறுத்த முடியாதா?

பதுளைப்_பையன்:

டீச்சர், உங்க கோபம் நியாயம். ஆனா தண்டம்னு சொன்னதும் எனக்கு வர்ற மொத கேள்வி, துண்டை எழுதப் போறது யாரு? பொலிஸ். வாங்கப் போறது யாரு? நீங்க சொன்ன கண்டக்டர் இல்ல. சம்பளத்தன்னைக்குக் குடிச்சிட்டு கடைசி பஸ்ல ஏறி, பின் சீட்ல உக்காந்து யாரையோ ஏசிக்கிட்டே வர்ற நம்ம லயத்து மாமாதான். கண்டக்டருக்கு ஸ்டேண்ட்ல ஆள் இருக்கு, முதலாளி இருக்காரு, முதலாளிக்கு எல்லா இடத்துலயும் தெரிஞ்சவங்க இருக்காங்க. மாமாவுக்கு யாரு இருக்கா?

2024லதான் தோட்டத்துல அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆச்சு. எடை குறைஞ்சா அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். 5,000 ரூபாய் தண்டம்னா நாலு நாள் மலையில நிக்கணும். கோர்ட்டுக்குப் போகச் சொன்னா அந்த நாளுக்கும் பேர் இல்ல. அதே 5,000 பஸ் முதலாளிக்கு ஒரு பொருட்டே கிடையாது.

தூசணம் பேசுறது சரின்னு நான் சொல்ல வரல. எங்க அம்மாவும் பசறை பஸ்ல இதையெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் வேலைக்குப் போய் எங்களை வளர்த்தாங்க. அதனாலதான் சொல்றேன், அம்மாவைக் காப்பாத்துறேன்னு கொண்டுவர்ற சட்டம் அப்பாவைப் பிடிச்சுட்டுப் போற மாதிரி ஆயிடக் கூடாது.

சட்டம்_படிக்கிறவன்:

புதிதாக ஒன்று கேட்பதற்கு முன், இருப்பது என்ன என்று பார்த்துவிடலாம். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, பிரிவு 287: பொது இடத்திலோ அதற்கு அருகிலோ மற்றவர்களுக்குத் தொல்லையாகும்படி ஆபாசமான பாட்டையோ சொல்லையோ பாடினாலும் சொன்னாலும் குற்றம். 3 மாதம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். பிரிவு 345, இப்போதுள்ள வடிவத்தில் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்தோடு வந்தது. சொல்லாலோ செயலாலோ பாலியல் தொல்லை கொடுத்தால் 5 ஆண்டு வரை சிறை. பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படியும் நீதிமன்றம் கட்டளையிடலாம். டீச்சர் எழுதாமல் விட்ட அந்தச் சொல் எது என்பதைப் பொறுத்து 345கூடப் பொருந்தலாம்.

ஆக, சட்டம் இருக்கிறது. அதைக் கையில் எடுக்கத்தான் வழியில்லை. முறைப்பாடு, வாக்குமூலம், நீதவான் நீதிமன்றம், தவணை மேல் தவணை. ஒரு மிச்சக்காசுச் சண்டைக்காக எந்தக் கொழுந்து பறிக்கும் பெண் இவ்வளவு தூரம் போவார்? ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இலங்கையில் பஸ்ஸிலோ ரயிலிலோ பாலியல் தொல்லைக்கு ஆளான பெண்களும் சிறுமிகளும் 90 சதவீதம். பொலிஸை நாடியவர்கள் 4 சதவீதம். சட்டம் போதாமல் இந்த இடைவெளி வரவில்லை.

ஸ்பொட் பைன் மாதிரிச் செய்யலாமே என்று சிலர் நினைக்கலாம். சாரதிக்குத் துண்டு எழுதினால் 14 நாளுக்குள் கட்டிவிடுகிறார், ஏனென்றால் அவருடைய அனுமதிப்பத்திரம் பொலிஸின் கையில் இருக்கிறது. பயணியிடம் எதைப் பிடித்து வைப்பது? அடையாள அட்டையையா? அதற்கு நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன்.

குட்ஷெட்_கண்டக்டர்:

கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டேண்ட்ல இருந்து ஹட்டன் பக்கம் ஓடுற தனியார் பஸ்ஸுல வேலை செய்றேன். எல்லாரும் எங்களைப் பத்தித்தான் எழுதுறீங்க. எங்க பக்கத்தையும் கேளுங்க.

எனக்கு மாசச் சம்பளம் கிடையாது. அன்னைக்குக் கலெக்ஷன்ல டீசலும் முதலாளி பங்கும் போக மிஞ்சுறதுதான் டிரைவருக்கும் எனக்கும். கினிகத்தேனை ஏத்தத்துல ஒரு லொறிக்குப் பின்னால மாட்டிக்கிட்டோம்னு வைங்க, பின்னால வர்ற பஸ் கிட்ட வந்துரும். வெட்டி முன்னால போயிட்டான்னா அடுத்த ஆறு ஹோல்ட்ல நிக்கிற சனம் அவனுக்கு. எங்களுக்கு வெறும் சீட். ஸ்டேண்டுக்கு வந்தா லேட்டுன்னு டைம் கீப்பர் ஏசுவாரு. ராத்திரி கணக்கு குடுக்கப்போனா முதலாளி ஏசுவாரு. வீட்டுக்குப் போக பத்து மணி. காலையில நாலு மணிக்கு மறுபடி பஸ் கழுவணும்.

பயணிங்க எங்களைப் பேசுறதையும் எழுதுங்க. பத்தாம் வகுப்புப் பையன்கூட "டேய்"ங்கிறான். குடிச்சிட்டு வாந்தி எடுத்தா அதை அள்ளுறது நான். எங்க அம்மாவையும்தான் இழுக்கிறாங்க. தண்டம் போடுறதுன்னா ரெண்டு பக்கமும் போடுங்க.

கொட்டகலை_அக்கா:

தம்பி, உங்க கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல. என் வீட்டுக்காரரும் லொறியில போனவர்தான். ஒன்னு மட்டும் கேக்கிறேன். முன்னால போற பஸ் உங்க வருமானத்தைப் பறிச்சா அந்த டிரைவரோட அம்மா என்ன செஞ்சாங்க? ஆம்பளைங்க ரெண்டு பேருக்குச் சண்டை, ஆனா பேசுற பேச்சு எல்லாம் பொம்பளை உடம்புல வந்து முடியுது. நடுவுல உக்காந்திருக்கிற என் மகளுக்குக் கூசுது.

அவ ஏ.எல். படிக்கிறா. ஹட்டன்ல டியூஷன். முடிஞ்சு வர்ற நேரத்து பஸ்ல ஏற மாட்டேங்கிறா. யாரும் அவளைப் பாத்து ஒன்னும் சொல்லல, தொடவும் இல்ல. ஏறினதுல இருந்து இறங்குற வரைக்கும் டிரைவரும் கண்டக்டரும் பேசிக்கிற பேச்சே அதுதான். அதுக்காக முந்தின வேனைப் பிடிக்கணும்னு கடைசி அரை மணி நேரப் பாடத்தை விட்டுட்டு வர்றா. கணக்குப் பாடம். அந்த அரை மணி நேரத்துக்கு யாரு தண்டம் கட்டுறது?

தலவாக்கலை_பெரியவர்:

நான் சீ.டீ.பி.யில, அதான் இலங்கை போக்குவரத்துச் சபையில, டிரைவரா இருந்து ஓய்வு பெத்தவன். 1958இல பஸ் கம்பெனிகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துத்தான் அந்தச் சபையை உண்டாக்கிச்சு. 1979இல தனியார் பஸ்ஸுக்கு மறுபடி வழி விட்டாங்க. தனியார் வந்தது பிழையில்ல, அவங்க வராட்டி நம்ம தோட்டத்து ரோட்டுக்குப் பாதி நேரம் பஸ்ஸே இருந்திருக்காது. ஆனா எங்களுக்குச் சம்பளம் ஆள் ஏத்தினாலும் அதுதான், ஏத்தாட்டியும் அதுதான். முன்னால போறவனை ஏச எங்களுக்குத் தேவை வரல. அந்த வகையில கண்டக்டர் தம்பி சொல்றது உண்மை.

ஆனா தம்பி, ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. டிசம்பர் பௌர்ணமியில இருந்து மே மாசம் வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை சீசன். ஹட்டன்ல இருந்து மஸ்கெலியா வழியா நல்லதண்ணிக்கு ராத்திரி பகலா பஸ் ஓடும். சனம் வழியும். தூக்கம் இல்ல, குளிர், ரோட்டுல நெரிசல். கோபம் வர்றதுக்கு எல்லாக் காரணமும் இருக்கு. ஆனா யாத்திரைச் சனம் இருக்கிற பஸ்ஸுல நான் தூசணம் கேட்டதில்ல. வெள்ளை உடுப்போட ஏறுற கிழவிக்குக் கைகுடுத்துத் தூக்கிவிடுவாங்க. அதே பஸ், அதே டிரைவர், அதே கண்டக்டர். சீசன் முடிஞ்சு ஜூன் மாசம் அதே படியில கொழுந்துக்காரப் பொம்பளை ஏறினா வாய் வேற மாதிரி ஆயிடுது.

அப்ப வாயை அடக்க முடியுது. யாருக்கு முன்னால அடக்கணும், யாருக்கு முன்னால வேண்டியதில்லைன்னு மனசுல ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்குலதான் எனக்கு வருத்தம்.

வாசுகி_டிக்கோயா:

பெரியவர், இதைத்தான் நான் சொல்லத் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். களைப்பு, போட்டி, கலெக்ஷன் எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் களைப்பு இறங்குகிற இடம் எப்போதும் ஒரே ஆட்கள்மேல். டவுனில் ஏறுகிற பேங்க் உத்தியோகத்தரிடம் மிச்சக்காசு இல்லை என்று அந்தக் கண்டக்டர் ஏசி நான் பார்த்ததில்லை. மாதச் சீசன் டிக்கெட்டில் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள், தோட்டத்து அம்மாக்கள், சிங்களம் சரியாகப் பேசத் தெரியாத வயதானவர்கள், இவர்களுக்குத்தான் அந்த வாய்.

சிட்னியிலிருந்து_ஒருவன்:

பொகவந்தலாவையில் பிறந்து இப்போது சிட்னியில் இருக்கிறேன். பதுளைத் தம்பி பயப்படுவது இங்கே கண்ணுக்கு முன்னால் நடந்த விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பொது இடத்தில் அசிங்கமாகப் பேசினால் பொலிஸ் அந்த இடத்திலேயே தண்டத் துண்டு கொடுக்கலாம். 2014இல் அந்தத் தொகையை 150 டொலரிலிருந்து 500 டொலருக்கு ஏற்றினார்கள். அந்தத் துண்டுகள் யார் கையில் போய்ச் சேர்ந்தன என்றால், சனத்தொகையில் மிகச் சிறிய பங்காக இருக்கிற அபோரிஜினல் பூர்வகுடி மக்களின் கையில், அவர்கள் எண்ணிக்கைக்கு எந்தப் பொருத்தமும் இல்லாத அளவில். அதிலும் பெரும்பாலும் பொலிஸ்காரரைப் பார்த்துச் சொன்ன வார்த்தைக்கு. கட்ட முடியாவிட்டால் சாரதி அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படும், அதோடு வேலைக்குப் போகிற வழியும் அடைபடும். பஸ்ஸில் ஒரு பெண்ணைக் காப்பாற்றுவதற்கென்று வந்த சட்டமாகவே அது முடியவில்லை.

மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ரயில்வே துணைவிதி 6 மிரட்டலான, ஆபாசமான பேச்சைத் தடுக்கிறது. நீதிமன்றம் போனால் 1,000 பவுண் வரை தண்டம். அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் மிடில்பரோ என்ற சிற்றூர் 2012இல் ஊர்க்கூட்டம் போட்டு, வாக்களித்து 20 டொலர் தண்டம் கொண்டுவந்தது. எனவே இப்படி யோசிப்பது புதிதும் இல்லை, பைத்தியக்காரத்தனமும் இல்லை. ஆனால் பேனா யார் கையில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஊர்க்கூட்டத்தில் அயலவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொள்கிற விதியும், வேறு மொழி பேசுகிற ஒரு காவலர் உங்கள் தகப்பனுக்கு எழுதுகிற துண்டும் ஒன்றல்ல.

பேராதனை_யாழினி:

நான் யாழ்ப்பாணம், பேராதனையில படிக்கிறன். மலைப்பக்கம் தோழி வீட்டுக்கு அடிக்கடி பஸ்ஸில போய் வாறனான். நீங்கள் எல்லாரும் தூசணத்தைப் பற்றிக் கதைக்கிறியள். நான் கண்டது வேற.

கம்பளை தாண்டி ஒரு வயசான அம்மா சாக்குப் பையோட ஏறினவா. பை ஒரு ஆளின்ர காலில பட்டிட்டுது. நல்லா உடுத்து, சப்பாத்துப் போட்ட ஒரு தமிழ் ஆள்தான். அவர் தூசணம் ஒண்டும் சொல்லேல்லை. "தோட்டக்காட்டுச் சனம்" எண்டு மட்டும் சொன்னவர், மலையகச் சனத்தை இழிவாச் சொல்லுற சொல். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மா பையைத் தூக்கித் தன்ர மடியில வைச்சுக்கொண்டு இறங்கும் மட்டும் அசையேல்லை. எனக்குப் பக்கத்தில இருந்த தோழியின்ர கை குளிர்ந்து போச்சு. அவளும் தோட்டத்துப் பிள்ளைதான்.

இதை 287 பிடிக்குமா? ஆபாசம் எண்டால் இது ஆபாசமில்லை. ஆனால் அந்த பஸ்ஸில அண்டைக்குக் கேட்டதில மிகக் கேடான பேச்சு அதுதான். இந்தச் சொல்லை எங்கட ஊரிலையும் சனம் கூசாமல் சொல்லுது, அது எனக்குத் தெரியும், அதுக்காக எனக்கு வெட்கம். தூசணத்துக்கு மட்டும் தண்டம் எண்டு எழுதினால், கெட்ட வார்த்தை தெரிஞ்சவன் மாட்டுவான், மரியாதையாய் இழிவுபடுத்தத் தெரிஞ்சவன் தப்பிவிடுவான். விதியில "ஆபாசம்" எண்டு எழுதாமல் "பயணியை இழிவுபடுத்துதல்" எண்டு எழுதவேணும். இனம், தொழில், சாதி, உடல், எல்லாம் அதுக்குள்ள வரவேணும்.

பதுளைப்_பையன்:

யாழினி அக்கா, இதை யாழ்ப்பாணத்துல இருந்து ஒருத்தர் எழுதினதுக்கே நன்றி. அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவன் நான். கொழும்புல வேலை தேடிப் போன இடத்துல தமிழ்க் கடையிலயே கேட்டிருக்கேன்.

ஆனா இப்பவும் சொல்றேன், அந்த சப்பாத்து ஆளுக்குப் பொலிஸ் தண்டம் எழுதாது. மாமாவுக்குத்தான் எழுதும். பயணிக்குத் தண்டம் வேணாம். பஸ்ஸை ஓட்டிச் சம்பாதிக்கிறவங்களுக்கு மட்டும் வைங்க, நானும் உங்களோட நிக்கிறேன். சம்பளம் வாங்கிக்கிட்டு, பர்மிட் வாங்கிக்கிட்டு பொதுச் சேவை செய்றவனுக்கு ஒரு கடமை இருக்கு. எட்டு மணி நேரம் மழையில நின்னுட்டு ஏறுறவனுக்கு அதே அளவு கடமைன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

கொட்டகலை_அக்கா:

தம்பி, அதுல பாதிதான் எனக்குச் சம்மதம். குடிச்சிட்டு ஏறி பொம்பளைப் புள்ளைங்க பக்கத்துல நின்னு பேசுறவரும் நம்ம மாமாதானே. மாமான்னு எத்தனை நாளைக்குப் பொறுத்துக்கிறது? அவரு வீட்டுல போய் அதே வாயாலதான் பேசுவாரு. தண்டம் வேணாம்னா வேணாம், ஆனா பஸ்ஸை நிப்பாட்டி இறக்கிவிடுறதுக்காவது கண்டக்டருக்கு அதிகாரம் வேணும். நிப்பாட்டுவாங்களா? டிக்கெட் காசு குடுத்துட்டார்னா விட்டுருவாங்க.

குட்ஷெட்_கண்டக்டர்:

அக்கா, ராத்திரி எட்டு மணிக்கு மழையில, மலைப்பாதையில வெறிகாரனை இறக்கிவிட்டு அந்தாளு பள்ளத்துல விழுந்தா யாரு பதில் சொல்றது? நான் முன் சீட்டுக்குக் கூட்டிட்டு வந்து டிரைவருக்குப் பின்னால உக்கார வைப்பேன். பொம்பளைங்களைப் பின்னால போகச் சொல்லுவேன். அது என்னால முடியும். டவுன்ல, வெளிச்சமான ஹோல்ட்ல, நாலு கடை திறந்திருந்தா இறக்கிவிடலாம். அதுக்கு ஒரு விதி இருந்தா எனக்கும் பலம். "சட்டம் அப்படி, இறங்குங்க"ன்னு சொல்லலாம். இப்ப சொன்னா என்னையே அடிக்க வர்றாங்க.

சட்டம்_படிக்கிறவன்:

இங்கிருந்து வழி தெரிகிறது. தண்டனைச் சட்டக்கோவையை விட்டுவிட்டு, பஸ் ஓட்ட முதலாளிக்குக் கொடுக்கிற ரூட் பர்மிட்டைப் பிடிக்கலாம்.

யார் யாருக்குக் கீழ் என்பது பலருக்குக் குழப்பம், அதனால் சொல்கிறேன். ஹட்டன் – மஸ்கெலியா போல ஒரே மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்குப் பர்மிட் கொடுப்பது மத்திய மாகாணப் போக்குவரத்து அதிகாரசபை. பதுளை – பண்டாரவளை என்றால் ஊவா மாகாணம். ஹட்டன் – கொழும்பு போல மாகாணம் தாண்டினால் 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. அதன் முறைப்பாட்டு எண் 1955. சிவப்பு பஸ் என்றால் இலங்கை போக்குவரத்துச் சபை, நேரே டிப்போவுக்கு எழுதலாம். பெண்கள் பேச 1938 இருக்கிறது. உடனடி ஆபத்து என்றால் 119.

பர்மிட் என்பது நிபந்தனையோடு வருகிற ஒன்று. "நடத்துநரோ சாரதியோ பயணியை இழிவுபடுத்திப் பேசக்கூடாது" என்பதை மீறினால் தண்டம் என்று அந்த நிபந்தனைக்குள் தெளிவாக எழுதவைத்தால், நீதிமன்றம் போக வேண்டியதில்லை, அடையாள அட்டையைப் பிடிக்க வேண்டியதில்லை, பொலிஸும் நடுவில் வராது. யாழினி சொன்ன சொற்றொடரையே அதில் போடலாம். அதிகாரசபை விசாரிக்கும், பர்மிட்காரர் பதில் சொல்ல வேண்டும்.

குட்ஷெட்_கண்டக்டர்:

பர்மிட்காரர் பதில் சொல்லுவாரு, காசு என்கிட்ட கழிப்பாரு. அவரு கழிக்கலைன்னா வேலையை விட்டு நிப்பாட்டிட்டு வேற ஆளைப் போடுவாரு. வர்றவனும் அதே கலெக்ஷனுக்குத்தான் ஓடுவான், அதே மாதிரிதான் பேசுவான். தண்டம் முதலாளி பையில இருந்துதான் போகணும்னு எழுத முடியுமா? முதலாளி எங்களுக்கு ஒரு நிலையான நாட்சம்பளம் குடுக்கட்டும், அப்ப எதுக்கு முன்னால போறவனோட மல்லுக்கு நிக்கப்போறோம்?

இன்னொன்னும் சொல்றேன், இதை யாரும் யோசிக்கல. எங்க ரூட்டுல போட்டி பஸ்காரன் தன்னோட ஆளை ஏத்திவிட்டுப் பொய்ப் புகார் குடுப்பான். நேரத்துல பிரச்சினைன்னா அப்படித்தான் பழிவாங்குறாங்க. ஒரு போன் கோல்ல என் வேலை போயிடக் கூடாது.

தலவாக்கலை_பெரியவர்:

எங்க காலத்துல புகார் வந்தா டிப்போவுக்குக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. டிக்கெட் நம்பர், ஏறின இடம், இறங்கின இடம், நேரம் எல்லாம் இருக்கணும். டிக்கெட் இல்லாம புகார் இல்ல. அதே மாதிரி வைக்கலாம். ஆனா இப்ப தனியார் பஸ்ஸுல பாதிப் பேருக்கு டிக்கெட்டே கிழிக்கிறதில்ல. தோட்டத்துப் பொம்பளைங்க கேட்டாலும் குடுக்கிறதில்ல. அப்ப மொதல்ல டிக்கெட் குடுக்கிறதைக் கட்டாயமாக்கணும். மிச்சக்காசுப் பிரச்சினையும் அதோட பாதி தீரும். டிக்கெட்டுல விலை இருக்கும், மிச்சம் எவ்வளவுன்னு சண்டை வராது.

கொட்டகலை_அக்கா:

வீடியோ எடுத்து பேஸ்புக்ல போடுங்கன்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க. அப்படி ஒன்னு போன வருஷம் எங்க பக்கம் சுத்துச்சு. ஏசினவனோட முகம் மங்கல், அழுதுகிட்டு நின்ன புள்ளையோட முகம் நல்லாத் தெரிஞ்சது. அந்தப் புள்ளை மறுபடி அந்த பஸ்ல போகல.

வாசுகி_டிக்கோயா:

இவ்வளவு பேசியாயிற்று, ஒரு கடிதமாக்குவோம். மத்திய மாகாண அதிகாரசபைக்கு எழுதுகிறேன். பயணிக்குத் தண்டம் என்ற பேச்சை எடுத்துவிடுகிறேன்; பதுளைத் தம்பியும் சிட்னி அண்ணாவும் சொன்னபிறகு அதை என்னால் கேட்க முடியாது. ஆனால் வெறியில் வந்து தொந்தரவு செய்கிறவரை வெளிச்சமுள்ள ஹோல்டில் இறக்கிவிடும் அதிகாரம் கண்டக்டருக்கு எழுத்தில் வேண்டும் என்று கேட்கிறேன். பஸ் ஊழியர் பயணியை இழிவுபடுத்திப் பேசினால் முதல் தடவை எழுத்தில் எச்சரிக்கை, அடுத்த தடவை பர்மிட்காரருக்குத் தண்டம், அதை ஊழியரின் நாட்கூலியில் கழிக்கக் கூடாது. டிக்கெட் கட்டாயம். பர்மிட் எண்ணும் முறைப்பாட்டு எண்ணும் பஸ்ஸுக்குள் மூன்று மொழியிலும், நிற்கிறவர் கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில். தமிழில் முறைப்பாடு சொன்னால் தமிழில் எழுதிக்கொள்ள ஆள். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் எங்கள் மக்கள். இதை ஒரு சலுகையாகக் கேட்க வேண்டிய நிலையே இருக்கக் கூடாது.

சிங்களத்தில் யாராவது எழுதித் தருவீர்களா?

பேராதனை_யாழினி:

என்ர அறைத்தோழி சிங்களப் பிள்ளை, மாவனெல்லை. அவளிட்டச் சொன்னனான், தான் எழுதித் தாறன் எண்டவள். அவளும் பஸ்ஸில படாதபாடு பட்டவள்தான், தங்கட ரூட்டுக்கும் ஒரு பிரதி வேணுமாம்.

குட்ஷெட்_கண்டக்டர்:

டிக்கெட் நம்பரோட வந்த புகாரை மட்டும்தான் எடுக்கணும், எங்களையும் கூப்பிட்டு விசாரிச்சுட்டுத்தான் முடிவு பண்ணணும்னு ஒரு வரி போடுங்க டீச்சர். அந்த வரியும், கூலியில கழிக்கக் கூடாதுங்கிற வரியும் இருந்தா நான் கையெழுத்துப் போடுறேன். ஸ்டேண்ட்ல இன்னும் சில பேர்கிட்டயும் கேட்டுப் பாக்கிறேன்.

பதுளைப்_பையன்:

ஊவாவுக்குத் தனிக் கடிதம் வேணும், அதை நான் பாத்துக்கிறேன். மாகாணத்தோட பேரை மட்டும் மாத்தி அனுப்பினா போதாது. எங்க பக்கம் சில தோட்டங்களுக்குச் சாயங்காலம் ஒரே ஒரு பஸ்தான். புகார் குடுத்த அம்மா மறுநாள் ஹோல்ட்ல கை காட்டினா நிப்பாட்டாம போயிட்டா, அவங்க இருட்டுல ரெண்டு மைல் நடக்கணும். புகார் குடுத்தவங்களை ஏத்தாம போனா அதுக்குத் தனியா, பெரிய தண்டம்னு எழுதணும். அது இல்லாம எங்க அம்மாகிட்ட கையெழுத்துக் கேக்க மாட்டேன்.

வாசுகி_டிக்கோயா:

அது மத்திய மாகாணக் கடிதத்திலும் வரவேண்டும். இப்போதே சேர்க்கிறேன், டிக்கெட்டுக்கும் விசாரணைக்கும் மேலே, முதல் பந்தியிலேயே. சனிக்கிழமை வரைவை இங்கே போடுகிறேன். தோட்டத்தில் வாசித்துக் காட்டக்கூடியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். கையெழுத்து வைக்கிறவர்கள் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும்.